பெயரளவில் வாதி

கெர்பென் கூப்பிட்டபோது ஹிஸ்கே கன்றுகளுக்குப் பால் காட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கையில் வாளி. முட்டி முட்டி வரும் கன்றின் நெற்றியை இன்னொரு கை தள்ளிக்கொண்டிருந்தது. செல்பேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, "சொல்லுடா" என்றாள்.

"அக்கா, நீ என் மேல கேஸ் போட்டிருக்கியா?"

அவள் சிரித்துவிட்டாள். தம்பியின் குறும்பு அவளுக்குத் தெரியாததா. "ஆமா, என் சைக்கிளைக் கொண்டுபோய் ஆத்துல விட்டியே, அதுக்கு. இப்பதான் ஞாபகம் வந்துச்சு."

மறுமுனையில் சிரிப்பு வரவில்லை.

"விளையாடல அக்கா. காலைல ஒருத்தன் வந்து காகிதத்தைக் கையில திணிச்சுட்டுப் போனான். உங்க பிரிட்டிஷ் கொலம்பியா கோர்ட்டு. வாதி, ஹிஸ்கே போன்ஸ்ட்ரா, யூர்யென் போன்ஸ்ட்ரா. பிரதிவாதி நாலு பேரு. நாலாவது நான்."

வாளி சரிந்து பால் அவள் பூட்ஸின் மேல் வழிந்தது. கன்று அதையே நக்க ஆரம்பித்தது.

"எது சம்பந்தமா?" என்று கேட்டாள். கேட்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"ஹீட்டர்" என்றான் கெர்பென்.

அக்காவும் தம்பியும் கனடாவின் அபட்ஸ்ஃபோர்டில் ஒரே பால் பண்ணையில் வளர்ந்தவர்கள். அப்பா நெதர்லாந்தின் ஃப்ரீஸ்லாண்டிலிருந்து கப்பலில் வந்து இறங்கி, பத்து மாட்டோடு தொடங்கிய பண்ணை. அது ஹிஸ்கேவுக்கும் அவள் கணவன் யூர்யெனுக்கும் வந்தது. கெர்பென் எல்லைக்குத் தெற்கே லிண்டனில் லோயிஸைக் கட்டிக்கொண்டு, அவள் வீட்டு ராஸ்பெரி தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு அமெரிக்கனாகிவிட்டான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் அரை மணி நேரப் பயணமும் ஒரு எல்லைச் சாவடியும்தான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து காப்பி குடிக்க இவர்கள் அங்கே போவார்கள், அல்லது அவர்கள் இங்கே வருவார்கள்.

போன குளிர்காலத்துக்கு முந்தைய குளிர்காலம், வடகிழக்கிலிருந்து அடித்த பனிக்காற்றில், பிறந்த கன்றுகளின் காது நுனி கருகி உதிர்ந்துகொண்டிருந்தது. கன்றுக் கொட்டகையின் கூரையில் தொங்கவிடும் ஒரு ஹீட்டரை ஹிஸ்கே இணையத்தில் பார்த்தாள். எல்லோரும் எல்லாமும் வாங்கும் அந்தப் பெரிய இணையக் கடையின் அமெரிக்கப் பக்கத்தில்தான் அது இருந்தது. கனடாவுக்கு அனுப்ப மாட்டோம் என்றது பக்கம். அதற்கென்ன, தம்பி இருக்கிறானே! கெர்பென் தன் பெயரில் வரவழைத்து, சூமாஸ் எல்லைச் சாவடியில் "அக்காவுக்கு ஒரு ஹீட்டர்" என்று உண்மையைச் சொல்லி, வரியும் கட்டிக் கொண்டுவந்தான். வரி ரசீதில் இறக்குமதி செய்தவர் என்ற இடத்தில் அவன் பெயர் விழுந்தது.

யூர்யென் ஏணியில் நின்று கொக்கி மாட்டினான். கெர்பென் காலிப் பெட்டியைத் திருப்பிப் பார்த்து, "இங்க பாரு அக்கா, கனடாவுல பயன்படுத்தக் கூடாதுன்னு போட்டிருக்கான். கடைப் பக்கத்துலயும் இதையேதான் போட்டிருந்தான்" என்றான்.

"ஏனாம்?"

"உங்க ஊரு பாதுகாப்பு முத்திரை வாங்கலையாம். உன் மாடு கனடா மாடா அமெரிக்க மாடான்னு ஹீட்டருக்கு எப்படித் தெரியும்?"

மூவரும் சிரித்தார்கள். ஏணியில் இருந்த யூர்யென் சிரித்த சிரிப்பில் ஏணியே ஆடியது.

தீ ஒரு ஞாயிறு பிற்பகல் பிடித்தது. இரண்டாவது ஆராதனையில் பிரசங்கம் நடந்துகொண்டிருந்தபோது, தன்னார்வத் தீயணைப்பில் இருந்த இரண்டு பேர் இடுப்பில் செருகிய அழைப்புக் கருவி அதிர, எழுந்து ஓடினார்கள். யார் வீடோ என்று ஹிஸ்கே மனதுக்குள் ஜெபித்தாள். வெளியே வந்தபோது தங்கள் பண்ணை இருக்கும் திக்கில் புகை நின்றது. கன்றுக் கொட்டகை போய், அதை ஒட்டிய பால் கறக்கும் கொட்டகையும் பாதி போயிருந்தது. மாடுகளைக் காப்பாற்றினார்கள். கன்றுகளைக் காப்பாற்ற முடியவில்லை. ஹீட்டரின் உள்ளே ஒரு இணைப்பு உருகித் தீப்பொறி விழுந்தது என்று தீயணைப்பு அதிகாரி எழுதினார். காப்பீட்டு நிறுவனம் பணத்தின் முதல் பகுதியைத் தந்தது. மீதி, கட்டடம் முடிந்ததும். புதுக் கொட்டகை எலும்புக்கூடாக எழுந்து நின்றது. மாடுகள் பக்கத்துப் பண்ணையில் நின்றன, தீக்குப் பின் பிறந்த கன்றுகள் மட்டும் வீட்டில்.

ஹிஸ்கேவைப் பொறுத்தவரை கதை அத்தோடு முடிந்திருந்தது, இந்தத் தொலைபேசி வரும்வரை.

*

காப்பீட்டு நிறுவனம் அமர்த்திய வக்கீலின் பெயர் ஆட்ரி ஃபென்விக். நாற்பது வயதிருக்கும். மரியாதையாகப் பேசுவாள், காப்பி கொடுப்பாள், எதற்கும் குரலை உயர்த்த மாட்டாள். ஹிஸ்கே நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"நான் யார் மேலயும் கேஸ் போடலயே."

"நீங்க போடல மேடம். உங்க பேர்ல நாங்க போட்டிருக்கோம்."

"என் பேரு என்னோடதுதானே? என்னைக் கேக்காம எப்படி?"

"பாலிசியிலயே இருக்கு. இழப்பீடு வாங்கினப்பவே வழக்குப் போடற உரிமை நிறுவனத்துக்கு வந்துடும். ஆனா வழக்கு உங்க பேர்லதான் நடக்கும். காப்பீட்டு வழக்கு எல்லாம் இப்படித்தான். நீங்க பெயரளவில் வாதி."

"சரி, அந்தக் கடை மேல போடுங்க. தாராளமா போடுங்க. வேணும்னா நானும் வந்து நின்னு கத்துறேன். தம்பியை எதுக்கு இழுக்குறீங்க?"

ஃபென்விக் பேனாவை மேசையில் வைத்தாள். சொல்லிச் சொல்லிப் பழகிய விஷயம்போல நிதானமாகச் சொன்னாள். செய்தவன் யாரென்று பெட்டியில் இல்லை. விற்றவன் சீனாவில் ஒரு பெயர். ஐந்தாறு எழுத்தைக் குலுக்கிப் போட்டது போன்ற பெயர், இப்போது அந்தக் கடைப் பக்கமும் இல்லை. அனுப்பிய தபால் திரும்பி வந்துவிட்டது. இணையக் கடையின் அமெரிக்க நிறுவனம் சொல்கிறது: நாங்கள் விற்கவில்லை, விற்பவனும் வாங்குபவனும் சந்திக்கும் இடத்தை மட்டும் வைத்திருக்கிறோம். வாங்கியவர் கெர்பென், அவர் எங்கள் நிபந்தனைகளுக்குச் சம்மதித்திருக்கிறார், தகராறு இருந்தால் அமெரிக்காவில் எங்கள் முறைப்படி அவர்தான் வரவேண்டும், இந்த அம்மா யாரென்றே எங்களுக்குத் தெரியாது. அதன் கனடா நிறுவனம் சொல்கிறது: எங்கள் பக்கத்தில் இந்தப் பொருளே கிடையாது.

"ஆனா ஹீட்டர் அவங்க கிடங்குலதானே இருந்துச்சு? அவங்க பெட்டியில, அவங்க வண்டியிலதானே கெர்பென் வீட்டுக்கு வந்துச்சு?"

"ஆமா. அதை வெச்சு அமெரிக்காவுல சில மாநிலக் கோர்ட்டு கடையும் விற்பனையாளர்தான்னு சொல்லுது. சில மாநிலம் இல்லைங்குது. ஐரோப்பாவுல சட்டத்தையே மாத்திட்டாங்க, யாரும் கையில சிக்கலைன்னா கிடங்குல வெச்சு அனுப்பினவன் பதில் சொல்லணும். இங்க இன்னும் தெளிவா ஒண்ணும் இல்லை."

"அப்ப எங்கப்பா கப்பல் ஏறினதுதான் தப்பு" என்றாள் ஹிஸ்கே. "ஃப்ரீஸ்லாண்டிலயே கிடந்திருந்தா நியாயம் கிடைச்சிருக்கும்."

ஃபென்விக் சிரித்தாள். நல்ல சிரிப்புதான். பிறகு சொன்னாள்: "மூணு பேருக்கும் வெளியே போக ஒரு கதவு இருக்கு மேடம். உங்க தம்பிக்குத்தான் இல்லை. இந்த நாட்டுக்குள்ள அதைக் கொண்டுவந்தது அவர். 'கனடாவுல பயன்படுத்தக் கூடாது'ன்னு படிச்சிட்டு உங்ககிட்ட குடுத்தது அவர்."

"வாபஸ் வாங்குறேன்."

"முடியாது. ஒத்துழைக்கலைன்னா குடுத்ததைத் திரும்பக் கேப்பாங்க, மீதியும் வராது."

வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்த ஹிஸ்கேவுக்குச் சாவியைத் திருப்பத் தோன்றவில்லை. தன் வீட்டு வாசலில் யாரோ தன் சட்டையைப் போட்டுக்கொண்டு, தன் குரலில் தன் தம்பியைத் திட்டுவதுபோல இருந்தது. உள்ளே பூட்டப்பட்டிருப்பவள் ஜன்னலைத் தட்டினாலும் யாருக்கும் கேட்கவில்லை.

*

இரண்டு ஊரின் சபைகளும் ஒரே கூட்டமைப்பைச் சேர்ந்தவை. லிண்டனில் தும்மினால் அபட்ஸ்ஃபோர்டில் கைக்குட்டை நீட்டுவார்கள். அடுத்த வாரமே சபை மூப்பர் டிர்க் ஹோஃப்ஸ்ட்ரா வந்துவிட்டார். மாட்டுத் தீவனம் விற்பவர், பெரிய உடம்பு, நாற்காலியில் உட்காரும்போதே பெருமூச்சு விடுவார். ஹிஸ்கே காப்பியும் வெண்ணெய்க் கேக்கும் வைத்தாள்.

"சகோதரி, விசுவாசிகள் ஒருத்தரை ஒருத்தர் கோர்ட்டுக்கு இழுக்கறதைப் பத்தி உனக்கு நான் சொல்லணுமா?"

"நான் இழுக்கல மூப்பரே. இன்ஷூரன்ஸ்காரன் இழுக்கறான்."

"காகிதத்துல யாரு பேரு இருக்கு?"

"என் பேரு."

"அப்போ?"

அவள் விளக்கினாள். யூர்யெனும் விளக்கினான். ஹோஃப்ஸ்ட்ரா கேக்கைத் தின்றபடி பொறுமையாகக் கேட்டார். கெட்டவர் இல்லை. தீ பிடித்த அன்று தன் லாரியைக் கொண்டுவந்து விடியும்வரை மாடு ஏற்றியவர்.

"எனக்குச் சட்டம் தெரியாது" என்றார் கடைசியில். "ரெண்டு பேரும் உக்காந்து பேசித் தீர்த்துக்கங்க. திருவிருந்து வருது. மனஸ்தாபத்தோட அப்பம் எடுக்கக் கூடாது."

"பேசித் தீக்கறதுக்கு எங்களுக்குள்ள தகராறே இல்லையே!"

"தகராறு இல்லாம யாராவது கேஸ் போடுவாங்களா?"

ஹிஸ்கேவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கப் பார்த்து முடியாமல் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். ஹோஃப்ஸ்ட்ராவின் முகம் இறுகியது. அவர் அதை மனம் திரும்பாத சிரிப்பு என்று எடுத்துக்கொண்டார்.

திருவிருந்து ஞாயிறன்று அப்பத் தட்டு அவள் வரிசைக்கு வந்தபோது, அவள் எடுக்காமல் அடுத்தவருக்கு நகர்த்தினாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. ஆனால் முன் வரிசையில் இரண்டு தலைகள் லேசாகத் திரும்பி மறுபடி நேரானதை அவள் பார்த்தாள். பக்கத்தில் யூர்யென் எடுத்துக்கொண்டான். அவன் பெயரும்தான் அந்தக் காகிதத்தில் இருந்தது.

*

வழக்கைப் பற்றி அக்காவும் தம்பியும் பேசக் கூடாது என்று இரண்டு பக்க வக்கீல்களும் சொல்லியிருந்தார்கள். கெர்பென் தன் சொந்தச் செலவில் ஒரு வக்கீல் வைத்திருந்தான். அவனுடைய காப்பீடு, இன்னொரு நாட்டுக்குச் சாமான் கொண்டுபோய்க் கொடுத்தது பண்ணை வேலையில் சேராது என்று கைவிரித்துவிட்டது.

எல்லையை ஒட்டி இரண்டு சாலைகள் பக்கம் பக்கமாக ஓடுகின்றன, ஒன்று கனடாவில், மற்றது அமெரிக்காவில். நடுவில் புல் மண்டிய ஒரு வாய்க்கால்தான். பெருந்தொற்றுக் காலத்தில் சாவடியை மூடியிருந்தபோது பிரிந்த குடும்பங்கள் அங்கேதான் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசினார்கள். கெர்பென் அங்கே வரச் சொன்னான். சாவடி வழியாக வந்து போனால் பதிவாகும், யாராவது கேட்பார்கள் என்ற பயம் அவனுக்கு.

அவன் இளைத்திருந்தான். தொப்பியை எடுத்துத் தலையைச் சொறிந்தான். அப்பாவும் இப்படித்தான் செய்வார்.

"லோயிஸ் எப்படி இருக்கா?"

"என்னோட பேசுறா. உன்னோட பேச மாட்டா."

"அவளுக்குச் சொன்னியாடா, நான் இல்லன்னு?"

"சொன்னேன். 'உங்க அக்கா ஒரு வார்த்தை சொன்னா நின்னுடுமே'ங்கறா. நானும் எத்தனை தடவைதான் சொல்றது."

ஒரு எல்லைக் காவல் வண்டி மெதுவாக அவன் பின்னால் கடந்து போனது. ஓட்டியவர் கையை ஆட்டினார். இருவரும் பதிலுக்குக் கையை ஆட்டினார்கள்.

"கேளு அக்கா. போன வாரம் வக்கீலுங்க என்னை விசாரிச்சாங்க. எச்சரிக்கையைப் பாத்தியான்னு கேட்டாங்க. பாத்தேன்னேன். அக்காகிட்ட சொன்னியான்னு கேட்டாங்க." நிறுத்தினான். "சொல்லலன்னேன்."

"ஏன்டா?"

"உன் பாலிசியில ஒரு வரி இருக்காம். இந்த ஊரு முத்திரை இல்லாத ஹீட்டருன்னு தெரிஞ்சே கொட்டகைல மாட்டினா, ஒரு காசு கிடையாது. குடுத்ததும் திரும்பி வரணும். என் வக்கீல் படிச்சுக் காமிச்சான். நான் சொன்னேன்னு சொன்னா எனக்கு நல்லது, உனக்குக் கொட்டகை போயிடும். சொல்லலன்னா உனக்கு ஒண்ணும் ஆகாது."

"உனக்கு?"

"பாத்துக்கலாம். ராஸ்பெரியில இப்ப என்ன இருக்கு? செடியெல்லாம் கிழடாப் போச்சு. லோயிஸே வித்துடலாம்னுதான் சொல்றா."

"போன மாசம்தானே புதுச் செடி நட்டீங்க?"

அவன் தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டான்.

"சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொன்னியா கெர்பென்?"

"பைபிள் மேல கை வைக்கல. வெறும் உறுதிமொழிதான்."

"அதுல என்னடா வித்தியாசம்?"

"உன்னைக் கேட்டாங்கன்னா நீயும் அதையே சொல்லு" என்றான் அவன். குரல் கெஞ்சியது. "நான் சொன்னதை நீ மாத்திச் சொன்னா, ரெண்டு பேருமே போயிடுவோம். புரியுதா? வேற எதுவும் வேண்டாம். 'சொல்லல.' ஒரே வார்த்தை."

வாய்க்கால் அவ்வளவு குறுகலானது. கையை நீட்டினால் அவன் தொப்பியைத் தொட்டுவிடலாம்போல இருந்தது. தொடவில்லை.

*

யூர்யென் கெர்பென் பக்கம் நின்றான்.

"அவனே சொல்லிட்டான். இனி நீ என்ன தனியா?"

"பொய்யை நான் சொல்லணுமா?"

"அவன் உனக்காக விட்டுக்குடுக்கறான். வாங்கிக்கத் தெரியாதா உனக்கு?"

"அவன் தோட்டம் போயிடும் யூர்யென்."

"நம்ம கொட்டகை மட்டும் என்ன, காத்துலயா நிக்குது?" அவன் மேசையைத் தட்டினான். தட்டுவது அவன் பழக்கமே இல்லை. "எனக்கு அறுபத்தொண்ணு. மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்க உடம்புல தெம்பு இல்ல. மாடெல்லாம் அடுத்தவன் கொட்டகைல நிக்குது. தினம் அவன் முகத்துல முழிச்சுக் கறந்துட்டு வரேன். அந்தச் சிரிப்பு நானும்தான் சிரிச்சேன், ஏணி மேல நின்னு. அதுக்காக எத்தனை தடவை சாவறது?"

அவன் வெளியே போய்விட்டான். ஹிஸ்கே கணக்குப் போட்டுப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் புருஷன் போச்சு, கொட்டகை போச்சு, தம்பி பொய்யன் ஆவான். பொய் சொன்னால் தம்பியின் தோட்டம் போச்சு, தன் பெயரிலேயே போச்சு. வாயைத் திறக்காமல் இருக்கலாமென்றால், கேள்வி கேட்பவர்கள் விட மாட்டார்கள். கன்றுகளை லாரியில் ஏற்றும்போது இருபுறமும் தட்டி வைத்து ஒரே வழியில் தள்ளுவார்கள். திரும்ப இடம் இருக்காது. தானே எத்தனையோ தடவை தட்டியைப் பிடித்து நின்றிருக்கிறாள்.

*

விசாரணை நீதிமன்றத்தில் அல்ல, ஒரு அலுவலக அறையில் நடந்தது. நீள மேசை, தண்ணீர்க் குடுவை, தட்டெழுதும் ஒரு பெண். ஹிஸ்கே பைபிளைக் கேட்டு வாங்கி அதன்மேல் கை வைத்துச் சத்தியம் செய்தாள். ஃபென்விக் பக்கத்தில் இருந்தாள். கெர்பென் தன் வக்கீலோடு எதிரே உட்கார்ந்திருந்தான், அவளைப் பார்க்கவில்லை.

கடையின் வக்கீல் வான்கூவரிலிருந்து வந்திருந்த மெலிந்த மனிதர். தீயைப் பற்றிக் கேட்கும்போது, "கஷ்டமா இருந்தா நிறுத்திக்கலாம்" என்று இரண்டு தடவை சொன்னார். கொட்டகை, கம்பி, பிளக் என்று வெகுநேரம் கேட்டுவிட்டு அங்கே வந்தார்.

"பெட்டியில இருந்த எச்சரிக்கையை நீங்க படிச்சீங்களா?"

"நான் படிக்கல."

"உங்க தம்பி படிச்சார்னு சொல்லியிருக்கார். உங்ககிட்ட சொல்லலன்னும் சொல்லியிருக்கார். அது சரிதானே?"

ஒரே வார்த்தை. ஆமாம் என்றால் போதும், 'சொல்லல' என்றுகூடச் சொல்ல வேண்டாம். எல்லோருக்கும் அந்த ஆமாம்தான் வேண்டியிருந்தது. ஃபென்விக்குக்கு வேண்டும், பழியைத் தம்பிமேல் தள்ளக் கடைக்காரனுக்கு வேண்டும், எதிரே தலை குனிந்திருக்கும் தம்பிக்கு வேண்டும், கார் நிறுத்தத்தில் வண்டிக்குள் காத்திருக்கும் யூர்யெனுக்கு வேண்டும். வேண்டாதவள் அவள் ஒருத்திதான். எல்லோரும் சேர்ந்து ஒரு மனிதனின் நிலத்தை மேசையில் வைத்து நகர்த்துகிறார்கள், அதை நகர்த்தும் கை தன்னுடையது என்று அவளுக்குத் தோன்றியது. இத்தனை மாதமாக அவள் பெயர்தான் பேசிக்கொண்டிருந்தது. இப்போதுதான் அவளையே பேசச் சொல்கிறார்கள்.

"சரி இல்லை" என்றாள். "சொன்னான்."

கெர்பென் தலையைத் தூக்கினான். "அக்கா" என்றான். அவன் வக்கீல் அவன் முழங்கையைப் பிடித்தார்.

"என்ன சொன்னார்?"

"கனடாவுல பயன்படுத்தக் கூடாதுன்னு போட்டிருக்குன்னு சொன்னான். உன் மாடு கனடா மாடா அமெரிக்க மாடான்னு ஹீட்டருக்கு எப்படித் தெரியும்னு கேட்டான். நாங்க சிரிச்சோம். மாட்டினோம்."

தட்டெழுதும் பெண்ணின் விரல்கள் ஒரு கணம் நின்று மறுபடி ஓடின. ஃபென்விக் இடைவேளை கேட்டாள். தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போய், குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

"இனிமே நீங்க உங்களுக்குன்னு ஒரு வக்கீல் வெச்சுக்கங்க மிஸஸ் போன்ஸ்ட்ரா. என்னால உங்களுக்கு எதுவும் சொல்ல முடியாது."

"இவ்வளவு நாள் நீங்க எனக்கு வக்கீலா?" என்று ஹிஸ்கே கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஃபென்விக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

கெர்பென் படியிறங்கிப் போனான். அவள் கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை.

*

பிறகு எல்லாம் மெதுவாக நடந்தது. காப்பீட்டு நிறுவனம் மீதிப் பணத்தை நிறுத்தியது, கொடுத்ததையும் திருப்பிக் கேட்டது. கடையின் மனு நீதிபதியிடம் போனது. விற்பனை நடந்தது கெர்பென் இருக்கும் வாஷிங்டன் மாநிலத்தில், சாமான் கை மாறியதும் அங்கேதான், அதற்கப்புறம் அது எங்கே போனதென்று கடைக்குத் தெரியாது என்று சொல்லி, இரண்டு நிறுவனங்களையும் நீதிபதி விடுவித்தார். இந்தச் சட்டம் காலத்துக்குப் பின்தங்கியிருப்பதை நாடாளுமன்றம்தான் கவனிக்க வேண்டும் என்றும் ஒரு வரி எழுதியிருந்தார். யூர்யென் அந்த வரியை இரண்டு தடவை படித்துவிட்டுக் காகிதத்தை மடித்து வைத்தான்.

கடை போனபின், எச்சரித்துக் கொடுத்தவன் ஒருவன் மட்டும் மிஞ்சினான். அவன்மேல் நடத்தி ஒன்றும் தேறாது என்று நிறுவனம் கெர்பெனை வழக்கிலிருந்து விட்டுவிட்டது. ஆனால் உறுதிமொழி கொடுத்துவிட்டுப் பொய் சொன்னது லிண்டன் முழுக்கத் தெரிந்துவிட்டது. அவன் சபை மூப்பர்கள் அவன் வீட்டுக்குப் போனார்கள். அவனிடமிருந்து தொலைபேசி வரவில்லை.

ஹோஃப்ஸ்ட்ரா ஹிஸ்கேவின் கையைப் பிடித்து, "உண்மை சொன்னே, சகோதரி" என்றார். அவளுக்கு அந்தக் கையை உதற வேண்டும்போல இருந்தது. யூர்யென் பால் விற்க அரசு தந்த கோட்டாவில் பாதியையும் அந்த அளவுக்கு மாடுகளையும் விற்றான். கொட்டகைக்குப் பாதி தூரம் கூரை போட்டு, மீதிக்குத் தார்ப்பாய் கட்டினான். நிறுவனம் திருப்பிக் கேட்டதைத் தவணையாகக் கட்டுவதென்று ஒப்புக்கொண்டார்கள். கட்டி முடிக்கும்போது யூர்யெனுக்கு எழுபது தாண்டியிருக்கும். அவன் அவளைத் திட்டவில்லை. தட்டை நீட்டினால் வாங்கிக்கொண்டான், கேட்டால் பதில் சொன்னான். திட்டியிருந்தால் தேவலாம்.

ஜூலையில் லோயிஸிடமிருந்து அழைப்பு வந்தது. குரல் வறட்டாக இருந்தது. "அறுவடை எந்திரத்துல நிக்க ஆள் இல்ல. வர்றதுன்னா வா."

ஹிஸ்கே போனாள். உயரமான அந்த எந்திரம் செடி வரிசையைக் கால்களுக்கு நடுவில் விட்டு நகரும். அது செடியை உலுக்க, விழும் பழம் ஒரு ரப்பர்ப் பட்டையில் ஓடிவரும். இலை, புழு, காயை எடுத்துப் போட இருபுறமும் ஆள் நிற்க வேண்டும். எதிர்ப்பக்கம் கெர்பென் நின்றான். ஒரு தலையசைப்போடு சரி. எந்திரச் சத்தத்தில் பேச முடியாது என்பது இருவருக்கும் வசதியாக இருந்தது. வரிசை முடிந்து திரும்பும் இடத்தில் ஓட்டுநர் எந்திரத்தை நிறுத்தி இறங்கினார்.

"நான் சொன்னதையே நீயும் சொல்லியிருக்கலாம்" என்றான் கெர்பென், பட்டையைப் பார்த்தபடி.

"சொல்லியிருந்தா இந்தத் தோட்டம் இருக்காது."

"போயிருக்கட்டும். நான் உனக்குக் குடுத்தேன் அக்கா. முழு மனசோட குடுத்தேன். நீ அத்தனை பேருக்கு முன்னாடி அதைத் தூக்கி என் மூஞ்சியில எறிஞ்சே."

"ஆமா."

"ஆமாவா? அவ்வளவுதானா?"

"வேற என்ன சொல்லட்டும்? உன் நிலத்தை வித்த காசுல கட்டின கொட்டகைல நான் எப்படிடா பால் கறப்பேன்? நீ அதை யோசிச்சியா?"

அவன் பட்டையில் கிடந்த ஒரு இலையைப் பொறுக்கி எடுத்தான். விரலெல்லாம் சிவப்பு.

"யோசிக்கல" என்றான். இலையைக் கீழே போட்டுவிட்டு, "யூர்யென் எப்படி இருக்கான்?" என்று கேட்டான்.

"மீதிக் கூரை போட ஆள் தேடிட்டிருக்கான்."

ஓட்டுநர் மேலே ஏறினார். எந்திரம் உறுமிக்கொண்டு அடுத்த வரிசைக்குள் நுழைந்தது. பட்டையில் பழம் வர ஆரம்பித்ததும் இருவரும் குனிந்துகொண்டார்கள்.